லிஸ்பன் – மாட்ரிட்: அப்பாவின் நோட்டில் 500 கிலோமீட்டர்

முதல் நாள், லிஸ்பன்

அப்பா தெற்கு ரயில்வேயில் 36 வருடம் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி ஸ்டேஷன் மாஸ்டராக. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். எந்த வண்டியில் ஏறினாலும் புறப்பட்ட நேரம், நின்ற இடம், எத்தனை நிமிடம் தாமதம் எல்லாம் அதில் ஏறிவிடும். இந்த ஐந்து நாளும் நான் எழுதப்போவதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

என் அலுவலக வேலை லிஸ்பனில் நேற்றோடு முடிந்தது. கையில் ஐந்து நாள் விடுப்பு. அப்பா போன வாரமே வந்து சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு முட்டி வலி, நீங்கள் ரெண்டு பேரும் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். மாட்ரிட் போய்விட்டு வரலாம் என்று நான் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தூரம்?"

"500 கிலோமீட்டர் இருக்கும்ப்பா."

"எங்கேயிருந்து எங்கே வரைக்கும்?"

அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. ஊருக்கு ஊர் நேர்கோடு போட்டால் சுமார் 503 கிலோமீட்டர். விமான நிலையத்துக்கு விமான நிலையம் 513. சாலையில் போனால் ஏறக்குறைய 625, காரில் ஆறு மணி நேரம். ரயிலில் எவ்வளவு என்று கேட்டார். நேரடி ரயிலே கிடையாது என்றேன். நம்பவில்லை. இரண்டு நாட்டின் தலைநகரங்கள், நடுவில் கடலும் இல்லை, பெரிய மலையும் இல்லை, எப்படி ரயில் இல்லாமல் இருக்கும் என்று என் கைபேசியை வாங்கி அவரே தேடிப் பார்த்தார்.

இருந்தது. 1943-லிருந்து 'லூசிதானியா' என்று ஓர் இரவு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் மற்ற ஊர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, ரயில் திரும்பி வரவில்லை. இன்று லிஸ்பனிலிருந்து மாட்ரிட்டுக்கு ரயிலிலேயே போக வேண்டுமென்றால் இரண்டு மூன்று வண்டி மாற வேண்டும். பகல் முழுக்கப் போய்விடும்.

அங்கேயே திட்டம் முடிவாகிவிட்டது. போகும்போது விமானம், திரும்பும்போது ரயில். வாசலிலிருந்து வாசல் வரை இரண்டையும் எழுதிப் பார்த்துவிடுவது.

மாலையில் பெலேம் போனோம். 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா கப்பல் ஏறிய கரை. ஆறு அந்த இடத்தில் கடல் மாதிரியே விரிந்து கிடக்கிறது. உப்புக் காற்று. 1554-ல் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு ஒரு சிறு வேதப் புத்தகம் இதே லிஸ்பனில் வெளிவந்தது. அதைச் சொன்னதும் அப்பா படித்துறையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்கார அம்மாள் எங்கள் கையில் சாவியைக் கொடுத்து "ஷாவ்" என்றார். அப்பா அதை வாங்கிக்கொண்டு "சாவி" என்றார். அவர் தலையை ஆட்டி "ஷாவ்" என்றார். இவர் மறுபடி "சாவி". அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஜன்னலைக் காட்டினேன். "ஷனேலா" என்றார். மேசையைக் காட்டினேன். "மேஸா." அலமாரியைக் காட்டுவதற்குள் அவருக்கும் புரிந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள், ஆகாயத்தில் 51 நிமிடம்

நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். எல்லாமே லிஸ்பன் நேரம்.

6.20 அறைக் கதவைப் பூட்டினோம். 6.50 விமான நிலையம். 8.50 டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம். 9.04 விமானம் நகர்ந்தது. 9.23 சக்கரம் தரையை விட்டது. 10.14 மாட்ரிட்டில் சக்கரம் தரையைத் தொட்டது. 10.24 நின்றது. 11.45 ஊர் நடுவே, புவெர்த்தா தெல் சோல் சதுக்கம்.

அறையிலிருந்து சதுக்கம் வரை மொத்தம் 5 மணி 25 நிமிடம். அதில் நாங்கள் பறந்தது 51 நிமிடம். ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

நாங்கள் ஒன்றும் கெட்ட நாளில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லிஸ்பன் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, மெட்ரோ வாசலில் வந்து நிற்கிறது. இரண்டு நாடும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் பாஸ்போர்ட் வரிசையும் கிடையாது. அப்படியும் இவ்வளவு நேரம். இரண்டு மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள், பையைச் சோதிக்கிறார்கள், வாசல் எண் தெரியும்வரை பலகையைப் பார்த்து நிற்க வேண்டும். ஓடுபாதைக்குப் போகும் வழியில் வேறு 19 நிமிடம் வரிசை. அப்பா அதை "அவுட்டர்ல நிறுத்திட்டான்" என்று எழுதியிருக்கிறார்.

டிக்கெட்டில் பயண நேரம் 1 மணி 20 நிமிடம் என்று இருந்தது. பறப்பது 51 நிமிடம்தானே, மீதி எங்கே போயிற்று என்று அப்பா கேட்டார். விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊர் வாசலில் வந்து நிற்கும்வரை கணக்கு வைத்து அச்சிடுகிறார்கள். தரையில் உருளும் நேரமும் அதில் சேர்ந்துவிடும். கிழக்கே போகும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும் நாள்தான் அதிகம், அதனால் திரும்பி வருவதைவிடப் போவது சில நிமிடம் குறையும். "நம்ம டைம் டேபிள்லயும் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சும்மா சேர்த்து வெப்போம். லேட்டா வந்தாலும் ரைட் டைம்னு காட்டும்" என்றார். இவருக்குத் தெரியாதா.

ஜன்னல் இருக்கையை அப்பாவுக்குக் கொடுத்தேன். வடக்கு நோக்கி எழும்பி வலது பக்கம் திரும்பியதும் முகத்துவாரம் முழுக்கக் கண்ணில் பட்டது. அதன் குறுக்கே வாஸ்கோ ட காமா பாலம், 12 கிலோமீட்டர் நீளம், மேலிருந்து பார்த்தால் யாரோ தண்ணீரின் மேல் நூல் பிடித்ததுபோல. அதைத் தாண்டியதும் பழுப்பு நிலம். ஒரு புட்டி தண்ணீர் வந்தது. அப்பா அதைத் திறந்து குடித்து மூடுவதற்குள் இறங்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். இறங்கும்போது வலது பக்கம் கீழே ஓர் ஆறு வளைந்து கிடந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அதே ஆறு. லிஸ்பனில் கடலில் விழும் தேஜுதான் இங்கே தாஹோ. ஸ்பெயினின் கிழக்கு மலைகளில் பிறந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி லிஸ்பனுக்கு வருகிறது. மாட்ரிட் நகருக்குள் ஓடும் சின்ன மன்சனாரெஸும் ஹராமா ஆற்றில் சேர்ந்து கடைசியில் இதில்தான் கலக்கிறது. மாட்ரிட்டில் பெய்த மழை லிஸ்பனுக்கு நேராகப் போய்விடுகிறது, ரயில்தான் போகவில்லை.

விமான விஷயத்தில் இன்னொன்று. போர்ச்சுகலின் தேசிய விமான நிறுவனமான டாப் 1945-ல் தொடங்கியது. அதன் முதல் பயணிகள் தடமே லிஸ்பன்–மாட்ரிட்தான், 1946 செப்டம்பர் 19, டகோட்டா விமானத்தில். அந்த நிறுவனத்தை உருவாக்கியவர் ஹும்பெர்டோ டெல்காடோ. இன்று காலை நாங்கள் கிளம்பிய விமான நிலையத்துக்கு 2016-லிருந்து அவர் பெயர்தான். அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் பயணத்தில் அந்தப் பக்கம்தான் போகப்போகிறோம், அப்போது சொல்கிறேன்.

மூன்றாம் நாள், மாட்ரிட்

அப்பா கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. லிஸ்பன் நேரத்திலேயே வைத்திருக்கிறார். மாட்ரிட் ஒரு மணி நேரம் முன்னால். இதனால் விமானப் பலகையில் வேடிக்கையான கணக்கு வருகிறது. லிஸ்பனில் பத்து மணிக்குக் கிளம்பினால் மாட்ரிட்டில் 12.20. அங்கே இரண்டு மணிக்குக் கிளம்பினால் லிஸ்பனில் 2.20. ஒரே தூரம், போக இரண்டே கால் மணிக்கு மேல், வர இருபது நிமிடம்.

அப்பா நேற்று ராத்திரி உட்கார்ந்து சூரியனுக்குக் கணக்குப் போட்டார். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஐந்தரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். மாட்ரிட் உச்சியைத் தாண்டிய சூரியன் லிஸ்பன் உச்சிக்கு வர 22 நிமிடம் ஆகிறது. கடிகாரம் மட்டும் 60 நிமிடம் என்கிறது. இது எப்படி வந்தது என்று தேடினால், 1940 மார்ச்சில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனியோடு சேர்த்துவைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தும் திருப்பி வைக்கவில்லை. மாட்ரிட் கிரீனிச்சுக்கும் மேற்கே இருக்கும் ஊர், ஆனால் பெர்லின் நேரத்தில் வாழ்கிறது. இப்போது ஜூன் மாதம், இங்கே உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு இல்லை, இரண்டேகாலுக்கு. மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு சாப்பிடும் இந்த ஊர்க்காரர்கள் வயிற்றுக்குச் சரியான நேரத்தில்தான் சாப்பிடுகிறார்கள் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். போர்ச்சுகலும் 1992-லிருந்து 1996 வரை இதே நேரத்துக்கு மாறிப் பார்த்தது. குளிர்காலத்தில் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் நடைபாதையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். ஸ்பெயினின் சாலைகளுக்குப் பூஜ்ஜியம் கிலோமீட்டர் அதுதான். எல்லோரும் அதன்மேல் கால் வைத்துப் படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். அப்பா வரிசையில் நின்று, முறை வந்ததும் கால் வைக்கவில்லை. குனிந்து விரலால் தொட்டுவிட்டு வந்தார்.

பிற்பகலில் அதோச்சா ரயில் நிலையம். பழைய நிலையக் கூடத்துக்குள் பெரிய தோட்டமே வளர்த்திருக்கிறார்கள், பனை வாழை எல்லாம் இருக்கிறது. அப்பாவின் கண் அங்கே போகவில்லை. புறப்பாட்டுப் பலகையின் கீழ் நின்றுவிட்டார். பார்சிலோனா, பார்சிலோனா, பார்சிலோனா. ஒன்று போனால் அடுத்தது.

இங்கேதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா நேர்கோட்டில் சுமார் 505 கிலோமீட்டர். லிஸ்பன் 503. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, நடுவில் மாட்ரிட், தராசு மாதிரி. 1974-லிருந்து மாட்ரிட்–பார்சிலோனா இடையே முன்பதிவு இல்லாமல் ஏறிப் போகும் 'வான்பாலம்' விமானச் சேவை நடந்தது. உலகத்திலேயே நெரிசலான விமானத் தடங்களில் ஒன்றாக இருந்தது. 2008 பிப்ரவரி 20 அன்று அதிவேக ரயில் வந்தது. 621 கிலோமீட்டர் தண்டவாளம், இரண்டரை மணி நேரம். ஊர் நடுவில் ஏறி ஊர் நடுவில் இறங்கலாம். விமானத்தில் போனவர்களில் பெரும்பாலோர் ரயிலுக்கு மாறிவிட்டார்கள்.

லிஸ்பனுக்கும் இதே ரயில் வர வேண்டியதுதான். 2003-ல் இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அப்புறம் கடன் நெருக்கடி வந்தது, 2012-ல் போர்ச்சுகல் கைவிட்டது. நான் ஒன்றும் இந்த நாட்டுக்காரி இல்லை. இருந்தாலும் அந்தப் பலகையின் கீழே நின்றபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அதே தூரம், அதே மாதிரி சமவெளி. ஒரு பக்கம் நாள் முழுக்க ரயில், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. பிரான்சில் 2023-லிருந்து, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தையே தடை செய்திருக்கிறார்கள். ரயில் இருந்தால் அப்படியொரு சட்டம் போடலாம். இங்கே யாரை எதில் ஏறச் சொல்வது?

"கனெக்‌ஷன் இல்லேன்னா பக்கத்து ஊரும் தூரம்தாம்மா" என்றார் அப்பா. அவர் இருந்த ஜங்ஷனில் கிளை ரயிலைத் தவறவிட்டுப் பிளாட்பாரத்தில் படுத்தவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறார்.

நான்காம் நாள், மாட்ரிட் – பதஹோஸ்

டிக்கெட் ஒரே சீட்டாகக் கிடைக்கவில்லை. எல்லையில் இருக்கும் பதஹோஸ் வரை ஒன்று, அங்கிருந்து என்ட்ரோன்கமென்டு வரை ஒன்று, லிஸ்பனுக்கு ஒன்று. ஒரே நாளில் அவசரமாக ஓட வேண்டாம் என்று இரவு பதஹோஸில் தங்குவதாக வைத்துக்கொண்டோம். ரயிலில் ஏறுமுன் ரொட்டி, தக்காளி, ஆரஞ்சு வாங்கிப் பையில் போட்டேன்.

மாட்ரிட் புறநகரைத் தாண்டியதும் வண்டி ஒற்றைப் பாதையில் போக ஆரம்பித்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒற்றைப் பாதை என்றால் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். எந்த நிலையத்தில் கிராஸிங் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். மூன்றில் இரண்டு சரியாக இருந்தது.

ஒரு நிலையத்தில் வண்டி சற்று அதிக நேரம் நின்றது. இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்றோம். அப்பா பக்கத்துத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அகலம் நம்ம பிராட் கேஜ் மாதிரியே இருக்கேம்மா."

தேடிப் பார்த்தேன். ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் பழைய பாதைகளின் அகலம் 1668 மில்லிமீட்டர். இந்திய பிராட் கேஜ் 1676. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மற்ற ஐரோப்பாவில் பெரும்பாலும் 1435. ஸ்பெயினின் அதிவேகப் பாதைகளும் பெரும்பாலும் அந்த 1435-தான். எட்டு மில்லிமீட்டரைக் கண்ணால் யாராலும் பிடிக்க முடியாது, ஆனால் இது நம்ம அகலம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நோட்டில் அந்தப் பக்கத்தில் இரண்டு கோடு வரைந்து நடுவில் 1668 என்று எழுதி, அடியில் இரண்டு முறை கோடிட்டிருக்கிறார்.

தலவேரா தாண்டி எக்ஸ்த்ரமதூரா மாநிலம். நிலம் மாறிவிடுகிறது. காய்ந்த புல், இடைவெளி விட்டு நிற்கும் ஓக் மரங்கள், அடியில் கறுப்புப் பன்றிகள். மின்கம்பம் தவறாமல் மேலே நாரைக் கூடு. குஞ்சுகள் வளர்ந்து விளிம்பில் எழுந்து நின்றன. விமானத்தில் "பழுப்பு நிலம்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு வந்த இடம் இதுதான்.

பிளாசென்சியாவுக்குப் பிறகு புதுப் பாதை, 2022-ல் திறந்தது. வண்டிக்குத் திடீரென்று உயிர் வந்தது. சுரங்கம், பாலம், சுரங்கம், பாலம். அல்கந்தாரா அணையின் நீர்த்தேக்கத்தை உயரமான வளைவுப் பாலத்தில் கடந்தோம். "தாஹோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாண்டிவிட்டது. அப்பா நேரத்தைக் குறித்துக்கொண்டார். இந்த 150 கிலோமீட்டர் துண்டு ஒரு காலத்தில் லிஸ்பன் அதிவேக ரயிலின் பகுதியாகத் திட்டமிடப்பட்டது. நடுப்பகுதி மட்டும் தயாராகிவிட்டது. இரண்டு முனையும் இன்னும் பழைய பாதையில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

காசெரெஸ், மெரிதா, பதஹோஸ். 4 மணி 50 நிமிடம்.

பதஹோஸில் வெயில் இன்னும் தணியவில்லை. ஒன்பது மணிக்குத்தான் குவாதியானா ஆற்றின் பழைய பாலத்தில் நடக்க முடிந்தது. டெல்காடோவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 1958-ல் அவர் போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலசாரின் ஆட்சியை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். தோற்றதாக அறிவித்தார்கள். நாட்டை விட்டு வெளியேறி பிரேசில், அல்ஜீரியா என்று அலைந்தார். எதிர்ப்பாளர்களைச் சந்திக்கலாம் என்று நம்பவைத்து 1965 பிப்ரவரி 13 அன்று போர்ச்சுகல் ரகசிய போலீஸ் அவரை இந்தப் பதஹோஸ் பக்கம் வரவழைத்தது. அவரையும் அவருடைய செயலாளர் பெண்ணையும் எல்லை ஓரத்தில் கொன்று புதைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் உடல்கள் கிடைத்தன. லிஸ்பனையும் மாட்ரிட்டையும் விமானத்தால் இணைத்த மனிதர், அந்த இரண்டு ஊருக்கும் நடுவில், தன் நாட்டுக்குள் கால் வைக்க முடியாமல், இந்த எல்லையில் செத்திருக்கிறார். அவர் பெயர் போட்ட கட்டடத்தில் இரண்டு நாள் முன்னால் வாசல் எண்ணுக்காகப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்தப் பெயரை நான் கவனிக்கக்கூட இல்லை.

அப்பா எதுவும் சொல்லவில்லை. நோட்டில் அந்தத் தேதியை மட்டும் எழுதினார்.

ஐந்தாம் நாள், பதஹோஸ் – லிஸ்பன்

நிலையத்தில் எங்களுக்காக நின்றது ஒரு சின்ன டீசல் வண்டி. ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதுகுப்பை போட்ட இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி, சைக்கிளோடு ஒருவர், நாங்கள். இரண்டு நாட்டின் தலைநகரங்களுக்கு நடுவே இந்தப் பக்கம் மிச்சமிருக்கும் பயணிகள் ரயில் இதுதான். அதுவும் 2017-ல்தான் எல்லை தாண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது.

காயா என்ற சின்ன ஆறு. அதுதான் எல்லை. பலகை இருந்ததா என்று பார்ப்பதற்குள் போய்விட்டது. அடுத்த நிலையம் எல்வாஷ், குன்றின் மேல் கோட்டை மதிலுக்குள் ஊர். என் கைபேசி தானாக ஒரு மணி நேரம் பின்னால் போனது. பதஹோஸில் கிளம்பிய நேரத்துக்கு முன்பே எல்வாஷில் வந்து நின்றோம். அப்பாவின் கடிகாரம் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக அது லிஸ்பன் நேரம்தானே.

எல்வாஷுக்கு அப்புறம் அவசரமே இல்லாத பாதை. மின்சாரக் கம்பி கிடையாது, புல் தண்டவாளம் வரை வந்து உரசுகிறது. அரோன்ஷெஷ், போர்ட்டலெக்ரெ, கிராட்டு. நிலையங்களில் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த சுவர்கள், பூட்டிய கதவுகள். கண்டக்டரிடம் அப்பா தன் பழைய ரயில்வே அடையாள அட்டையைக் காட்டினார். சலுகைக்காக இல்லை, டிக்கெட் கையில் இருந்தது. சும்மா தெரியட்டும் என்று. அவர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்து புரியாவிட்டாலும் கடைசி வரை பார்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணங்கித் திருப்பிக் கொடுத்தார். சற்று நேரம் கழித்து வந்து, அடுத்த நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்போம், கீழே இறங்கிக்கொள்ளலாம் என்று சைகையால் சொன்னார்.

இறங்கினோம். போன்ட்டெ தெ சோர் பக்கம், தக்கை ஓக் மரங்களின் ஊர். உலகத்தின் தக்கையில் பாதி போர்ச்சுகலிலிருந்துதான் போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கைநீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு மரம். அடிமரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே வரை பட்டையை உரித்திருந்தார்கள். உரித்த இடம் செங்காவி நிறம், வழுவழுப்பு. அதற்கு மேலே உரிக்காத பட்டை சாம்பல் நிறத்தில் வெடித்து முண்டும் முடிச்சுமாகத் தடித்திருந்தது. காவிப் பரப்பின் நடுவில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண், 5.

"இது என்ன நம்பர்? கம்ப நம்பரா?" என்று அப்பா கேட்டார்.

பட்டையை உரித்த வருடத்தின் கடைசி எண். 5 என்றால் 2025. உரித்தால் ஒன்பது வருடத்துக்கு அந்த மரத்தைத் தொடக்கூடாது, பட்டை மறுபடி தடிக்க அவ்வளவு காலம் வேண்டும். அடுத்து உரிப்பது 2034-ல்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நேற்று ரயிலில் அவருக்கு நான் வாசித்துக் காட்டிய செய்தியில் அதே வருடம் இருந்தது. இந்தத் தடத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் எவோராவிலிருந்து எல்வாஷ் வரை புதுப் பாதை போட்டுவருகிறார்கள். 2030-க்குள் லிஸ்பன்–மாட்ரிட் நேரடி ரயில், ஐந்து மணி நேரம். 2034-க்குள் மூன்று மணி நேரம். 2003-லும் இப்படித்தான் சொன்னார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் நேற்று அந்த வளைவுப் பாலத்தைக் கடந்த பிறகு, இந்த முறை செய்துவிடுவார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வண்டி மறுபடி கிளம்பியது. அப்ராந்தெஷ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நீளமான இரும்புப் பாலம். கீழே மணல் திட்டுகளோடு அகலமாக தேஜு. நேற்று அணைக்குள் ஆழமாகக் கிடந்த அதே தண்ணீர் என்று சொல்ல முடியாது, ஆனால் அதே ஆறு. அப்பா பெயரை மாற்றி எழுதிக்கொண்டார்.

என்ட்ரோன்கமென்டு என்றால் போர்ச்சுகீசிய மொழியில் ஜங்ஷன் என்றே அர்த்தம். ரயில் பாதைகள் சேர்ந்த இடத்தில் ஊர் முளைத்தது, பெயரும் அதுவே ஆகிவிட்டது. நாட்டின் ரயில்வே அருங்காட்சியகமும் இங்கேதான். அடுத்த வண்டிக்கு 42 நிமிடம்தான் இருந்தது, போக முடியவில்லை. பிளாட்பாரத்திலேயே மீதி ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டோம். "ஊருக்கே ஜங்ஷன்னு பேரு" என்று அப்பா இரண்டு முறை சொன்னார். பெயர்ப்பலகையின் கீழே நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். நெஞ்சை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், பணியில் இருந்த நாளில் பெரிய அதிகாரி வரும்போது நிற்பதுபோல.

அங்கிருந்து இடது பக்கம் ஆறு கூடவே வந்தது. 58 நிமிடத்தில் லிஸ்பனின் ஓரியென்ட்டெ நிலையம்.

கணக்கு: மாட்ரிட்–பதஹோஸ் 4.50. பதஹோஸ்–என்ட்ரோன்கமென்டு 2.55. காத்திருந்தது 0.42. என்ட்ரோன்கமென்டு–லிஸ்பன் 0.58. தூங்கிய இரவைத் தள்ளினால் 9 மணி 25 நிமிடம். விமானத்தில் போனபோது வாசலுக்கு வாசல் 5.25. இதற்கும் அதற்கும் சரியாக நான்கு மணி நேரம் வித்தியாசம். ரயில் இரண்டு முனையிலும் ஊருக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஐந்து மணி நேர ரயில் வந்துவிட்டாலே இந்தக் கணக்கு ஏறக்குறையச் சமமாகிவிடும். மூன்று மணி நேர ரயில் வந்தால் அந்தத் தடத்தில் விமானத்தை யார் தேடிப் போவார்கள்?

நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தோம். முதல் பயணத்தில் மேலிருந்து நூலாகத் தெரிந்த பாலம் இப்போது தலைக்கு மேலே ஓங்கி நின்றது. அப்பா கரைக் கட்டையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் மூன்று வரி. விமானம் 5.25. ரயில் 9.25. மூன்றாவது வரியில் 2034 என்று எழுதி, எதிரே நேரம் போடாமல் காலியாக விட்டிருந்தார்.

"அப்போ எனக்கு எம்பது ஆயிருக்கும்" என்றார். "வரலாம்மா. அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரலாம்."

நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.